கூலி என்ற சொல் யார் காதில் விழுகிறது?

கேள்வி: வணக்கம் மேடம். முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1880-களில் மதராஸில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன மாரிமுத்து என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் கதை. இடையிடையே அவருடைய கொள்ளுப்பேரன் இன்றைய டர்பனிலிருந்து பேசுகிறான். தோட்டத்து வெள்ளைக்கார மேற்பார்வையாளர் பேசுகிற இடங்களில் அந்தக் காலத்து இழிசொற்களை அப்படியே வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர்களில் ஒருவர், "எல்லாவற்றையும் எடு, இல்லாவிட்டால் புள்ளி வை" என்கிறார். இன்னொருவர், "ஒன்றையும் தொடாதே, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், வரலாற்றைக் கழுவாதே" என்கிறார். பேரன் தன் ஆபீஸை வதைமுகாம் என்றும் மேனேஜரை ஹிட்லர் என்றும் சொல்கிற பகுதியை எடுக்கச் சொல்வதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன், முதல் முறை சும்மா வாசகியாக, அடுத்த முறை கையில் பென்சிலோடு. உங்கள் குழப்பத்துக்கு நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொற்களை எடுக்க வேண்டாம், புள்ளியும் வைக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே அச்சுக்குப் போகவும் நான் விடமாட்டேன். ஏனென்றால் உங்கள் பிரதியில் திட்டுகிறவரின் வாய் இருக்கிறது, திட்டு வாங்குகிறவரின் காது இல்லை.

எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் கரும்பு வெட்டும் காட்சி நான்கு பக்கம் வருகிறது. அதற்குள் மேற்பார்வையாளர் 11 முறை இழிசொல் சொல்கிறார். அவருக்குப் பெயர் இருக்கிறது, தாடி இருக்கிறது, குதிரை இருக்கிறது, அந்தக் குதிரைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எதிரே நிற்கிறவர்கள் "கும்பல்", "அவர்கள்", "தலைகள்". மாரிமுத்துகூட அந்த நான்கு பக்கத்தில் கும்பலில் ஒரு முதுகுதான். படிக்கிற நான் யாருடைய கண்ணால் அந்தக் காட்சியைப் பார்க்கிறேன் தெரியுமா? குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறவரின் கண்ணால். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, ஆனால் வாக்கியங்கள் அப்படித்தான் அமைந்துவிட்டன. திட்டுகிறவரின் பேச்சு எழுதுவதற்கு எளிது, சுவாரசியமாகவும் வந்துவிடும், வேகமும் தானாகக் கிடைக்கும். கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்குள் என்ன நடக்கிறது என்று எழுதுவதற்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதிலும் நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது, ஒரு பெரிய வாய்ப்பும் இருக்கிறது. நேட்டாலில் நம் ஆட்களைக் குத்திய முதல் சொல் 'கூலி'. அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று ஒரு கட்சியும், குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சியும் உண்டு. எங்கிருந்து போயிருந்தாலும் தமிழ்க் காதுக்கு அது உழைப்புக்குக் கிடைக்கிற காசு. "கூலி வாங்கிட்டியா?" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வராது. நீங்களோ மேற்பார்வையாளரை "ஏய் கூலி!" என்று கத்த வைத்துவிட்டு, படிக்கிறவருக்குச் சுருக்கென்று தைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். தைக்காது. தமிழ் வாசகர் அந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவார்.

இதே இடத்தை மாரிமுத்துவின் காது வழியாக எழுதிப் பாருங்கள். கப்பலை விட்டு இறங்கிய முதல் வாரம் அந்தச் சொல் காதில் விழும்போது அவர் என்ன நினைத்திருப்பார்? தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை வெள்ளைக்காரர் சொல்கிறார், சம்பளத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று நிமிர்ந்து பார்த்திருக்கலாம். முதல் வருஷம் மாதத்துக்கு 10 ஷில்லிங் என்று பேச்சு, அதைத்தான் கொடுக்கப்போகிறார்களோ என்று ஒரு நொடி முகம் மலர்ந்திருக்கலாம். அப்புறம்தான் அது காசுக்குச் சொல்கிற சொல் இல்லை, தனக்கு வைத்திருக்கிற பெயர் என்று புரியும். தன் ஊரில் கையில் வாங்கி மடியில் முடிந்துகொண்ட சொல் இங்கே தன் மேலேயே வந்து விழுகிறது. இந்த ஒரு இடம் உங்களுக்குக் கிடைத்துவிட்டால் மீதிப் பத்து முறை அந்தச் சொல் தேவையே இல்லை. ஒரு முறை புரியவைத்துவிட்டால் அடுத்த தடவை குதிரைச் சத்தம் கேட்டாலே போதும்.

'சாமி'யும் அப்படித்தான். மாரிசாமி, குப்புசாமி, முனுசாமி என்று பெயர் முடிகிறவர்கள் நிறையப் பேர் இருந்ததால் நேட்டால் வெள்ளைக்காரர்கள் இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், மரியாதையாக இல்லை, ஏளனமாக. காந்தி தன் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொஞ்சம் துணிச்சலும் வாய்ச்சாதுரியமும் உள்ளவர்கள் திருப்பிச் சொல்வார்களாம்: என்னைச் சாமி என்கிறாயே, சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உன் எஜமான் இல்லையே என்று. அதைக் கேட்டுச் சில வெள்ளைக்காரர்கள் கூசிப்போவார்கள், சிலர் ஆத்திரப்பட்டு வைவார்கள், சந்தர்ப்பம் கிடைத்தால் அடிக்கவும் செய்வார்கள் என்கிறார். உங்கள் பிரதியில் 'சாமி' ஆறு முறை வருகிறது, ஆறு முறையும் மேற்பார்வையாளர் சொல்கிறார், ஒரு முறைகூட யாரும் முகம் சுளிக்கவில்லை. கோயிலில் கைகூப்பிச் சொல்கிற சொல்லை ஒருவன் நாயைக் கூப்பிடுகிற தொனியில் சொல்கிறான், அதைக் கேட்டு ஒரு தமிழ் ஆள் சும்மா இருப்பாரா? வாய் திறக்காமல் இருந்திருக்கலாம், அடிக்குப் பயந்து. மனசு சும்மா இருந்திருக்காது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது நண்பரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள்" என்கிறார். எல்லாரும் என்றால் யார்? சொன்னவர்கள் அந்தக் காலத்து ஆட்கள் என்றால் அதைக் கேட்டுக் கொதித்தவர்களும் அதே காலத்து ஆட்கள்தானே. நான் உன் எஜமான் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தவர் நம் காலத்திலிருந்து போனவர் இல்லை. அந்தச் சொல் தவறு என்று பிற்காலத்தில்தான் யாரோ கண்டுபிடித்தார்கள் என்பது மாதிரி எழுதினால் அதுதான் வரலாற்றைக் கழுவுவது. வலித்தவர்களுக்கு அன்றைக்கே வலித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவமானத்தை எழுத எப்போதும் இழிசொல் தேவை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாலசுந்தரத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1894-ல் டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்த தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி. கிழிந்த துணி, முன்பல் இரண்டு உடைந்து வாயிலிருந்து ரத்தம், எஜமானர் அடித்திருக்கிறார், அழுதுகொண்டு நடுங்கி நிற்கிறார். காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழர்தான் அவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறார். எனக்கு இதில் மறக்கவே முடியாதது பல் இல்லை, தலைப்பாகை. அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளைக்காரர் முன்னால் போனால் அதைக் கழற்ற வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தார்கள், அது இங்கேயும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார். காந்தி அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னதும் கொஞ்சம் தயங்கித்தான் கட்டுகிறார், கட்டும்போது முகத்தில் சந்தோஷம் தெரிகிறது. அந்த இடத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஒரு முழத் துணியும் இரண்டு கைகளும்தான். உங்கள் 11 சொற்கள் செய்யாததை அந்தத் தலைப்பாகை செய்துவிடுகிறது.

பதிவேடுகளும் அப்படித்தான். 1860 நவம்பர் 16-ந் தேதி ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் என்ன தழும்பு, மச்சம் எங்கே என்று பதிந்து வைத்தார்கள். அதில் வசை எதுவும் கிடையாது, நல்ல கையெழுத்தில் எழுதிய சுத்தமான பட்டியல். நீங்கள் முதல் அத்தியாயத்தில் இந்தப் பதிவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இடது தோளில் இருக்கிற தழும்பை ஒருவன் சட்டையை விலக்கிப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது, அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவன் கேட்கவே இல்லை என்பதை மாரிமுத்து கவனித்திருப்பார். அங்கே நில்லுங்கள், இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு உங்கள் பிரதியில் ரொம்ப உறுத்தியது இதுதான், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் வாயில் அத்தனை இழிசொல் இருக்கிறது. நம்மவர் வாயில் ஒன்றுகூட இல்லை. உங்கள் கப்பலில் எல்லாரும் ஒரு தாய் மக்கள். உங்கள் தோட்டத்தில் வேலை வாங்குகிற சர்தார் தன் ஆட்களைத் திட்டும்போது "சோம்பேறி" என்பதைத் தாண்டிப் போகவில்லை. சாதிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு ஒரே தளத்தில் படுத்து வந்தவர்கள், குடிக்கிற தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்து ஒரு சொல்கூடச் சொல்லாமலா வந்தார்கள்? பக்கத்து வயலில் வேலை செய்கிற ஜூலு இன ஆப்பிரிக்கர்களைப் பற்றி லயக் குடியிருப்பில் உட்கார்ந்து யாரும் எதுவும் பேசவே இல்லையா? ஆப்பிரிக்கரைக் குறிக்கத் தமிழில் 'காப்பிரி' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, அரபு மூலத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதே மூலத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொல்தான் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை நூற்றாண்டுக் கணக்கில் அடித்த சொல். இன்றைக்கு அங்கே அதை முழுசாக உச்சரிக்கவே கூசுகிறார்கள், முதல் எழுத்தை மட்டும் சொல்கிறார்கள். 2018-ல் அதைச் சொல்லிக் கத்திய ஒரு பெண்ணுக்குச் சிறைத் தண்டனையே கொடுத்தது நீதிமன்றம். இந்தியர்களின் தன்மானத்துக்காக வாதாடிய காந்தியே 1890-களில் ஆப்பிரிக்கர்களை அந்தச் சொல்லால் தாழ்த்தி எழுதியிருக்கிறார், பேசியிருக்கிறார். அதைச் சுட்டிக்காட்டித்தான் கானா பல்கலைக்கழக வளாகத்தில் 2016-ல் வைத்த அவர் சிலைக்கு எதிர்ப்பு வந்தது, 2018 டிசம்பரில் அதை அகற்றினார்கள். பாலசுந்தரத்தைத் தலைப்பாகை கட்டச் சொன்னவரும் அவர்தான். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. நாவல் எழுதுகிறவருக்கு இப்படிப்பட்ட மனிதர்கள்தானே வேண்டும்?

அதனால் மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப யோசியுங்கள். அதில் ஒரு ஜூலு பெண் வருகிறாள். மாரிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறாள், அப்புறம் காணாமல் போய்விடுகிறாள். நல்ல காட்சி. ஆனால் மாரிமுத்துவோ, அவர் மனைவியோ, அந்தப் பெண்ணைப் பற்றி அந்தப் பழைய சொல்லை ஒரு முறை, ஒரே ஒரு முறை, சாதாரணமாக, கெட்ட எண்ணமே இல்லாமல் சொல்லட்டும், அது அவள் காதில் விழட்டும். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தச் சொல் வெள்ளைக்காரர் சொல்கிற சொல் மாதிரியே ஒலிக்கிறது, அது தெரியும். பகல் முழுக்கத் திட்டு வாங்கிய மனிதர் சாயங்காலம் அதே வகையான சொல்லைத் தன் வாயால் சொல்கிறார். அங்கே நாவல் வேறு உயரத்துக்குப் போகும். அந்த இடத்தில் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் உங்களோடு நின்று நானும் வாதாடுவேன்.

எடுத்தே ஆக வேண்டிய வரி ஒன்று உண்டு, அது உரையாடலில் இல்லை. முதல் அத்தியாயத்தில் கப்பலின் கீழ்த்தளத்து நாற்றத்தைச் சொல்லும்போது ஒரு சாதியார் குடியிருப்பை உவமையாக வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்வது மாரிமுத்து இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, எந்தப் பாத்திரமும் இல்லை. கதைசொல்லி சொல்கிறார், அதாவது நீங்கள். எழுதும்போது கவனித்திருக்கமாட்டீர்கள், சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல்வழக்கு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வசைச்சொற்களைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டு எனக்குக் கடிதம் எழுதுகிற உங்களுக்கே இது கண்ணில் படவில்லை என்றால், இந்த மாதிரி வழக்குகள் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கின்றன என்று பாருங்கள். பாத்திரம் பேசுகிற இழிசொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான், வாசகர் அவனோடு சண்டை போடலாம். கதைசொல்லி சொல்வதை வாசகர் அந்த உலகத்தின் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார். ஆகவே அங்கே எந்தச் சமாதானமும் கிடையாது, அந்த வரி போக வேண்டும்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாவலின் பிழைத்திருத்தம் என் பொறுப்பில் இருந்தது. அதில் இதே மாதிரி ஓர் உவமை, இதே மாதிரி கதைசொல்லியின் குரலில். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். புத்தகம் வந்து சில மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தார், கல்லூரியில் படிக்கிறவர். சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்தின் எண்ணைச் சொன்னார், எடுத்துப் பார்க்கச் சொன்னார், நான் பார்க்கும் வரை போனிலேயே காத்திருந்தார். அப்புறம், "அது எங்க தெரு மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த பதிப்பில் அந்த வரி இல்லை, ஆனால் அவர் கையில் இருக்கிற பிரதியில் அது இருக்கிறது, என்றைக்கும் இருக்கும். உங்கள் முதல் அத்தியாயத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்கு அந்த போன்தான் ஞாபகம் வந்தது.

புள்ளி வைக்கிற யோசனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல் 200 முறைக்கு மேல் வருகிறது. 2011-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பதிப்பகம் அந்த இடங்களில் எல்லாம் 'அடிமை' என்று மாற்றிப் பதிப்பித்தது, பள்ளிகளில் தயக்கமில்லாமல் பாடம் நடத்தட்டும் என்று. பெரிய விவாதம் நடந்தது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினக் குழந்தை உட்கார்ந்திருக்க, அந்தச் சொல்லை இருநூறு தடவை வாய்விட்டு வாசிக்க வேண்டிய ஆசிரியரின் சங்கடம் எனக்குப் புரிகிறது, அதை யாரும் லேசாகத் தள்ளக் கூடாது. ஆனால் 'அடிமை' என்பது ஒருவர் மேல் சட்டம் சுமத்திய நிலை, இழிசொல் என்பது அவரைப் பார்க்கிற பார்வை. விடுதலையான பிறகும் அந்தப் பார்வை போகவில்லை என்பதுதானே அந்த நாட்டின் வரலாறு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் விஷயமே மாறிவிடுகிறது. புள்ளி வைத்தாலோ வாசகர் மனசுக்குள் அந்த இடத்தை நிரப்பிப் பார்த்துக்கொள்கிறார், சொல்லாத சொல் சொன்னதைவிடப் பெரிதாகி, கதை நின்று போகிறது. சொல் வேண்டும் என்றால் முழுசாக எழுதுங்கள், வேண்டாம் என்றால் அது இல்லாமலே காட்சி நிற்கிற மாதிரி எழுதுங்கள்.

இப்போது பேரனிடம் வருவோம். ஆபீஸை வதைமுகாம் என்கிறான், மேனேஜரை ஹிட்லர் என்கிறான். உங்கள் நண்பர்கள் எடுக்கச் சொன்னது சரி, ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தை நீங்கள் எழுதவில்லை, என் காரணத்தைச் சொல்கிறேன். தமிழில் கண்டிப்பான ஹெட்மாஸ்டர், கண்டிப்பான அப்பா, எல்லாரும் ஹிட்லர்தான். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் தலைவன் பெயர், லீவு தராத மேனேஜருக்கு ஒட்டுகிற பட்டப்பெயர் ஆகிவிட்டது. அன்றாடப் பேச்சில் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் நாவல் என்ன செய்கிறது? முன்னோர் பட்ட பாட்டைச் சுமந்தும் இன்று லேசாகிவிட்ட ஒரு சொல்லுக்கு, கூலி என்ற சொல்லுக்கு, அதன் முழுக் கனத்தையும் திருப்பித் தருகிற வேலையைச் செய்யப் பார்க்கிறது. அதே புத்தகத்தில் இன்னொரு மக்களின் பேரழிவை உவமைக்கு எடுத்து வீசினால், முதல் வேலை கெட்டுப்போகிறது.

அதோடு, அவன் எங்கிருந்து பேசுகிறான்? டர்பனிலிருந்து. அந்த மண்ணில் முகாம் என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் ராணுவம் போயர் குடும்பங்களை, அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக்காரக் குடியேறிகளின் குடும்பங்களை, முகாம்களில் அடைத்தது, நேட்டாலிலும் அந்த முகாம்கள் இருந்தன. சுமார் 28,000 போயர்கள் அங்கே செத்தார்கள், அதில் பெரும்பாலோர் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், தட்டம்மை மாதிரி நோய்கள் வாரிக்கொண்டு போயின. கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அங்கே பதிவானது மட்டுமே 14,000 சாவுக்கு மேல், பதிவை யாரும் சரியாக வைக்கவும் இல்லை. டர்பனில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு இது எதுவுமே தெரியாது என்றால் அதுவும் ஒரு கதைதான், ஆனால் நீங்கள் அந்தக் கதையை எழுதவில்லை. அவன் சும்மா ஒரு பஞ்ச் டயலாக் சொல்லிவிட்டுப் போகிறான். அவனை அப்படிச் சொல்ல வைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், எதிரே அதைக் கேட்கிறவராக ஒரு சக ஊழியரை உட்கார வையுங்கள், அந்த முகாமில் செத்த ஒரு குழந்தையின் வீட்டு வழியில் வந்தவராக. அவர் ஒன்றும் சொல்லாமல் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போகட்டும். அது முடியாது என்றால் எடுத்துவிடுங்கள். நாவலுக்கு நஷ்டம் இல்லை.

முன்னுரையில் ஒரு எச்சரிக்கை வைக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மூன்று வரியில் வைக்கலாம்: இந்த நாவலில் அந்தக் காலத்து இழிசொற்கள் வருகின்றன என்று. மன்னிப்பும் வேண்டாம், விளக்கவுரையும் வேண்டாம். இழிசொல்லுக்குக் கீழே அடிக்குறிப்பு போட்டு, "இது தவறான சொல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வாசகருக்கு அது தெரியும்.

முடித்தபின் பிரதியை யாரிடமாவது காட்டுங்கள், ஆனால் ஏற்கெனவே படித்த இரண்டு நண்பர்களிடம் இல்லை. நேட்டால் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், முடிந்தால் ஜூலு பேச்சுவழக்கு தெரிந்த ஒருவர், அப்புறம் நீங்கள் முதல் அத்தியாயத்தில் உவமையாக்கினீர்களே, அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவர். அனுமதிச் சீட்டு வாங்குகிற மாதிரி போகாதீர்கள், "அவங்களே ஓகே சொல்லிட்டாங்க" என்று பிற்பாடு சொல்லிக்கொள்வதற்காகவும் வேண்டாம். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் காட்டுகிற எல்லா இடத்தையும் மாற்ற வேண்டும் என்பது இல்லை. சில இடங்களில் வாசகர் நிமிர்ந்து பார்க்கத்தான் வேண்டும். அது நீங்கள் தெரிந்தே வைத்த இடமா, தெரியாமல் விழுந்த இடமா என்பதை அப்போது நீங்களே பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்தக் கரும்பு வெட்டும் காட்சியை மாரிமுத்து நிற்கிற இடத்திலிருந்து எழுதுங்கள். குதிரையின் பெயரை அடித்துவிட்டேன், அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் கஞ்சி கொண்டுவருகிற பெண் இப்போது "அந்த ஜூலுக்காரி" என்றுதான் வருகிறாள். அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, எனக்குத் திரும்ப அனுப்புங்கள்.